பழம் பரிகாரம் ஆகுமா?

"புகை பிடிப்பவர்கள் நாள்தோறும் பழம் உண்டு வந்தால் நுரையீரல் கெடாது" என்னும் கருத்து பலரிடம் பரவியிருக்கிறது. பழச்சாற்றுப் புட்டிகளிலும் மாத்திரை டப்பாக்களிலும் 'ஆன்டி-ஆக்சிடன்ட் நிறைந்தது' என்று கொட்டை எழுத்துகளில் அச்சிட்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இக்கருத்து முழுப் பொய்யாக இருந்தால் அதைப் பற்றி எழுத வேண்டிய தேவையே இல்லை. இதில் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் தொல்லை. எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி பொய் என்பதை அறிவியலின் துணையோடு பிரித்துப் பார்ப்போம். அதன் பின் என் கருத்தைச் சொல்கிறேன்.

தனித்த எலக்ட்ரான்

மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இணைந்தே இருக்கின்றன என்பதை வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இணையில் ஒன்றின் தற்சுழற்சி ஒரு திசையில் இருந்தால் மற்றதன் தற்சுழற்சி எதிர்த் திசையில் இருக்கும். சில வேளைகளில் ஒரு மூலக்கூறு உடையும்போது, இணையற்ற ஒற்றை எலக்ட்ரானுடன் ஒரு துண்டு வெளிப்படுகிறது. இத்தகைய துண்டுகளையே தனி உறுப்புகள் என்கிறோம். இவை பொதுவாக அமைதியற்றவை. அருகிலுள்ள மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துத் தம் குறையைத் தீர்த்துக்கொள்ள முயல்கின்றன. பறிகொடுத்த மூலக்கூறு தானும் ஒரு தனி உறுப்பாகி, அடுத்ததைத் தாக்குகிறது. இப்படி ஒரு சங்கிலி வினை தொடங்கிவிடுகிறது. நெடுநாள் வைத்த எண்ணெயில் காறல் வாடை வீசுவதற்கு இந்தச் சங்கிலியே காரணம். உயிரணுவின் மேலுறையிலும் கொழுப்புப் பொருள்கள் இருக்கின்றன. எண்ணெய்க்கு நேரும் கதி அவற்றுக்கும் நேரக்கூடும்.

தனித்த எலக்ட்ரானைக் கண்டுபிடிக்கும் வழியைத் தந்தது இயற்பியல்தான். 1944-ஆம் ஆண்டு சோவியத் நாட்டின் கசான் நகரில் சவோய்ஸ்கி என்னும் இயற்பியலார், காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட இணையற்ற எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட அதிர்வெண்ணுள்ள மின்காந்த அலைகளை உட்கவர்வதைக் கண்டார். எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு எனப்படும் இம்முறையைக் கொண்டு, அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் பிரையர் என்னும் வேதியியலார் சிகரெட் புகையை ஆராய்ந்தார். ஒரே ஓர் இழுப்பில், புகையின் வாயுப் பகுதியில் மட்டும் 10-இன் 15-ஆம் அடுக்கு, அதாவது 10 கோடிக் கோடி அளவில் தனி உறுப்புகள் இருப்பது தெரியவந்தது.

இவற்றுக்கு எதிரான பொருள்களே ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள். தம்மிடமிருந்து ஓர் எலக்ட்ரானைத் தந்து, தனி உறுப்பைச் சாந்தப்படுத்திவிட்டு, தாம் மட்டும் பெரிதாக நிலைகுலையாமல் நிற்பது இவற்றின் சிறப்பு. வைட்டமின் 'சி', வைட்டமின் 'ஈ', கேரட்டுக்கும் மாம்பழத்துக்கும் நிறம் தரும் பீட்டா கரோட்டின் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. நறுக்கிய ஆப்பிள் துண்டில் எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் அது விரைவில் பழுப்பதில்லை அல்லவா? அதில் சாற்றின் புளிப்போடு வைட்டமின் 'சி'யின் பங்கும் உண்டு.

ஆகவே, புகையில் தனி உறுப்புகள் உள்ளன. பழத்தில் அவற்றை அடக்கும் பொருள்கள் உள்ளன. இந்த இரண்டும் மறுக்க முடியாத உண்மைகள்.

ஒரு சிறு கணக்கு

இப்போது பென்சிலையும் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் வைட்டமின் 'சி' இருக்கிறது. அதன் மூலக்கூறு எடை 176. அவகாட்ரோ எண்ணைப் பயன்படுத்திக் கணக்கிட்டால், அந்தக் கொய்யாவில் சுமார் 7-ஐ 10-இன் 20-ஆம் அடுக்கால் பெருக்கிய அளவு வைட்டமின் 'சி' மூலக்கூறுகள் இருப்பதைக் காணலாம். ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்று கொண்டால், வாயுப் பகுதியின் தனி உறுப்புகள் 10-இன் 16-ஆம் அடுக்கு. வகுத்துப் பாருங்கள்! ஒவ்வொரு தனி உறுப்புக்கும் எதிராக ஏறத்தாழ 70,000 காவலர்கள் நிற்கிறார்கள். ஒருவர் நாளைக்கு இருபது சிகரெட் புகைத்தாலும், ஒன்றுக்கு 3,500 என்ற விகிதம் எஞ்சுகிறது.

இக்கணக்கின்படி நாள்தோறும் ஒரு கொய்யா உண்பவருக்குப் புகையால் ஒரு தீங்கும் வரக் கூடாது. ஆனால் உலகம் இக்கணக்கின்படி நடப்பதில்லை. கூட்டலிலும் பெருக்கலிலும் பிழை இல்லாதபோது, கணக்கைத் தொடங்கும் முன் நாம் எடுத்துக்கொண்ட அனுமானத்தில்தான் பிழை இருக்க வேண்டும். அந்தப் பிழை எவ்வளவு பெரியது என்பதை ஃபின்லாந்து நாட்டில் நடந்த ஒரு சோதனை காட்டியது.

ஃபின்லாந்தின் சோதனை

பச்சைக் காய்களும் மஞ்சள் நிறப் பழங்களும் மிகுதியாக உண்பவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறைவாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் முன்பே சுட்டியிருந்தன. இதற்குப் பீட்டா கரோட்டின் காரணமாக இருக்குமோ என்ற கேள்வியை 1981-இல் ரிச்சர்டு பீட்டோ, ரிச்சர்டு டால் முதலிய நால்வர் 'நேச்சர்' இதழில் எழுப்பினர். சேர்ந்து காணப்படும் இரண்டில் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பழம் உண்பவர்கள் வேறு பழக்கங்களிலும் மாறுபட்டவர்களாக இருக்கலாம். எனவே நேரடியாகச் சோதித்துப் பார்ப்பதே வழி.

1985-இல் தொடங்கி, தென்மேற்கு ஃபின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையுள்ள, புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேர் இச்சோதனையில் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் போன்ற முறையில் அவர்களை நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். மற்றொரு பிரிவினருக்கு 50 மில்லிகிராம் வைட்டமின் 'ஈ'. மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும். நான்காம் பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யார் எதை உண்கிறார் என்பது உண்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை இது தொடர்ந்தது.

1994-இல் முடிவு வெளிவந்தது. வைட்டமின் 'ஈ' நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கவில்லை. பீட்டா கரோட்டின் குறைக்கவில்லை என்பதோடு நில்லாமல், அதை 18 விழுக்காடு கூட்டியிருந்தது! அதை உண்ணாதவர்களில் 100 பேருக்கு நோய் வந்திருந்தால், அதே எண்ணிக்கையில் உண்டவர்களில் 118 பேருக்கு வந்தது என்பது இதன் பொருள். மொத்த இறப்பும் 8 விழுக்காடு கூடியிருந்தது.

இது தற்செயலாக நேர்ந்ததாக இருக்குமோ என்ற ஐயம் எழுவது இயல்பே. அமெரிக்காவிலும் அதே காலத்தில் இத்தகைய சோதனை ஒன்று நடந்துகொண்டிருந்தது. புகைப்பவர்கள், புகைப்பதை விட்டவர்கள், கல்நார்த் தூசியில் வேலை செய்தவர்கள் என 18,314 பேர் அதில் இருந்தனர். அவர்களுள் ஒரு பாதியினருக்குப் பீட்டா கரோட்டினும் வைட்டமின் 'ஏ'யும் கொடுத்தனர். அவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடும், இறப்பு 17 விழுக்காடும் கூடுதலாக இருப்பது தெரிந்ததும், 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பாகவே மாத்திரை கொடுப்பதை நிறுத்திவிட்டனர்.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். ஃபின்லாந்தில் வெற்று மாத்திரை உண்டவர்களிடையே, உணவின் வழியாகப் பீட்டா கரோட்டின் மிகுதியாகப் பெற்றவர்களுக்கு நோய் குறைவாகவே இருந்தது. அதாவது பழைய ஆய்வுகள் கண்டது பொய்யல்ல. ஆனால் பழத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, மிகுந்த அளவில், புகை நிறைந்த நுரையீரலுக்கு அனுப்பியபோது விளைவு தலைகீழாகிவிட்டது. ஆக்சிஜன் மிகுந்த சூழலில் பீட்டா கரோட்டின் காவலனாக இராமல் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுவதாக மாறக்கூடும் என்பதை 1984-லேயே பர்ட்டன், இங்கோல்டு என்னும் வேதியியலார் காட்டியிருந்தனர். நம் உடலில் ஆக்சிஜன் மிகுந்த இடம் நுரையீரல்தானே! இதைப் படித்து மாம்பழத்துக்கோ கேரட்டுக்கோ யாரும் அஞ்ச வேண்டாம். தீங்கு காணப்பட்டது புகைப்பவர்கள் உண்ட மாத்திரையில், உணவில் அல்ல.

கணக்கு ஏன் பொய்த்தது?

நம் கொய்யாக் கணக்குக்கு வருவோம். அதில் மூன்று தவறான அனுமானங்கள் மறைந்திருந்தன.

முதலாவது, இடம். உண்ட வைட்டமின் 'சி' முழுவதும் நுரையீரலுக்குச் செல்லும் என்று கொண்டோம். உண்மையில் அது குடலில் உட்கவரப்பட்டு இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுகிறது. இரத்தம் ஓர் அளவுக்கு மேல் அதை ஏற்பதும் இல்லை. நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் அளவிலேயே அது ஏறத்தாழ நிறைந்துவிடுகிறது. அதற்கு மேல் உண்பதில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறுகிறது. நிறைந்த குடத்தில் நீர் ஊற்றுவது போலத்தான். புகையோ மூச்சுக் குழல் வழியே நேரே நுரையீரலை அடைகிறது. நுரையீரலின் சிற்றறைகளை எல்லாம் விரித்துப் பரப்பினால் 30 அடி நீளமும் 25 அடி அகலமும் உள்ள ஒரு வகுப்பறையின் தரையை மூடும். ஆனால் காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவரின் தடிமன் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு மெல்லிய படலத்தின் மீதுதான் தாக்குதல் நடக்கிறது.

இரண்டாவது, காலம். உண்ட பழம் செரித்து இரத்தத்தில் கலக்க மணிக்கணக்காகும். வீரியம் மிக்க தனி உறுப்புகளோ, நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள், பிறந்த இடத்திலேயே அருகிலுள்ள மூலக்கூறைத் தாக்கிவிடுகின்றன. மேலும், புகையோடு உட்செல்லும் தாரில் உள்ள சில பொருள்கள் நுரையீரலில் தங்கிப் புதிய தனி உறுப்புகளை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. புகையை எதிர்த்து அங்கே திரளும் வெள்ளணுக்களும் தம் பங்குக்கு உண்டாக்குகின்றன. ஆகவே புகையில் எண்ணிய தொகை முழுத் தொகை அன்று.

மூன்றாவதே மிக முக்கியமானது. புகையின் தீங்கெல்லாம் தனி உறுப்புகளால் வருவதாகக் கொண்டோம். புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப் பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 பொருள்கள் புற்றுநோய் உண்டாக்குவன. பென்சோபைரீன் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அது உடலுக்குள் மாற்றமடைந்து மரபுப் பொருளான டி.என்.ஏ.வோடு நேரே ஒட்டிக்கொள்கிறது. புற்றுநோயைத் தடுக்கும் பி-53 என்னும் மரபணுவில், நுரையீரல் புற்றுநோயாளர்களிடம் சேதமடைந்து காணப்படும் அதே இடங்களில் அது ஒட்டுவதை 1996-இல் ஆய்வாளர்கள் கண்டனர். கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைப் போல் 200 மடங்குக்கும் மேலான பற்றோடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. அக்ரோலின் முதலிய பொருள்கள், மூச்சுக் குழலில் தூசியை வெளியே தள்ளும் நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்கின்றன. நிகோட்டின் மனிதரை அடிமையாக்குகிறது. இவற்றுள் எதைக் கொய்யா தடுக்கும்? கார்பன் மோனாக்சைடுக்கு எலக்ட்ரான் தேவையில்லை. அது தேடுவது ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை.

பழத்தின் உண்மையான பயன்

அப்படியானால் பழத்தால் பயனே இல்லையா? உண்டு. புகைப்பவர்களின் இரத்தத்தில் வைட்டமின் 'சி' விரைவில் செலவாகிறது. ஆகவே அவர்களுக்கு மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 35 மில்லிகிராம் கூடுதலாகத் தேவை என்று அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர்கள் வகுத்துள்ளனர். ஒரு கொய்யாத் துண்டில் அது கிடைத்துவிடும். ஆனால் குறைந்த சத்தை ஈடுகட்டுவது வேறு. புகையின் கேட்டைத் தடுப்பது வேறு.

2017-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு பயனையும் சுட்டுகிறது. ஜெர்மனி, நார்வே, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 650-க்கும் மேற்பட்டவர்களின் மூச்சுத் திறனைப் பத்தாண்டு இடைவெளியில் இருமுறை அளந்தனர். முப்பது வயதை ஒட்டி எல்லோருக்கும் மூச்சுத் திறன் மெல்லக் குறையத் தொடங்குகிறது. தக்காளியும், ஆப்பிள் முதலிய பழங்களும் மிகுதியாக உண்டவர்களுக்கு இந்தக் குறைவு மெதுவாக நடந்தது. சிறப்பாக, புகைப்பதை விட்டுவிட்டவர்களிடம் இது நன்கு தெரிந்தது. புதிய பழங்களில் கண்ட இந்தத் தொடர்பு, பதப்படுத்திய தக்காளிச் சாறு வகைகளில் காணப்படவில்லை. இதுவும் சேர்ந்து காணப்படும் இரண்டைப் பற்றிய ஆய்வே என்பதால், மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ளாமல் நம்பிக்கை தரும் குறிப்பாகக் கொள்ளலாம். பழம் உதவக்கூடும், புகைப்பதை விட்ட பின் அதிகமாக உதவக்கூடும் என்பதே இதன் சாரம்.

என் கருத்து

மாணவ நண்பர்களே, இனி என் கருத்தைச் சொல்கிறேன். பழத்தைப் புகைக்குப் பரிகாரமாகச் சொல்வது, பயனற்ற அறிவுரை மட்டுமன்று. தீங்கான அறிவுரையும் ஆகும் என்பது என் எண்ணம்.

காரணம் இதுதான். தைவானில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்தோறும் புகைப்பவர்கள் எல்லோருக்கும் வெற்று மாத்திரையையே கொடுத்தனர். ஆனால் ஒரு பிரிவினரிடம் மட்டும் 'இது வைட்டமின் மாத்திரை' என்று சொல்லிவைத்தனர். அவ்வாறு நம்பியவர்கள், உண்மை தெரிந்தவர்களைவிட அதிகமாகப் புகைத்தனர்! மாத்திரையில் ஒன்றும் இல்லை. 'நமக்குப் பாதுகாப்பு இருக்கிறது' என்ற எண்ணமே இன்னொரு சிகரெட்டைப் பற்ற வைத்தது. விட வேண்டும் என்று உறுத்தும் மனத்தை இத்தகைய அரைகுறை அறிவியல் சமாதானப்படுத்திவிடுகிறது. ஆன்டி-ஆக்சிடன்ட் விளம்பரங்களில் நான் காணும் பெரும் குற்றம் இதுவே.

சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்தபின் வந்து, "சார், எங்க அப்பா சிகரெட்டை விடமாட்டேங்கறார். தினம் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தால் போதுமா சார்?" என்று கேட்டான். தன் செலவுக்குக் கிடைக்கும் பணத்தில் அப்பாவுக்குப் பழம் வாங்கும் பிள்ளை அவன். அந்த அன்பைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. "பழம் வாங்கிக் கொடு, ஆனால் சிகரெட்டுக்கு ஈடாக என்று நினைத்துக் கொடுக்காதே. அப்படி நினைக்க அவருக்கும் இடம் கொடுக்காதே" என்று சொன்னேன். உங்கள் வீட்டிலும் இத்தகைய நிலை இருந்தால், உங்களுக்கும் இதையே சொல்வேன்.

வேறு என்ன செய்யலாம்? சொல்வதற்கு நம்மிடம் உறுதியான ஓர் உண்மை இருக்கிறது. பிரிட்டனில் ரிச்சர்டு டாலும் அவருடைய கூட்டாளிகளும் 1951-இல் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் மருத்துவர்களின் புகைப் பழக்கத்தையும் ஆயுளையும் ஒப்பிட்டு வந்தனர். 2004-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, இறுதிவரை புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழந்தனர். 60 வயதில் விட்டவர்கள் அதில் 3 ஆண்டுகளை மீட்டனர். 50 வயதில் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும், 40 வயதில் விட்டவர்கள் 9 ஆண்டுகளையும், 30 வயதில் விட்டவர்கள் ஏறத்தாழ 10 ஆண்டுகளையும் மீட்டனர். எந்தப் பழமும் எந்த மாத்திரையும் இத்தகைய பலனைக் காட்டியதில்லை. உங்கள் தந்தைக்கு 45 வயது என்றால், அவர் மீட்கக்கூடிய ஆண்டுகள் இன்னும் பல இருக்கின்றன. "புகைத்தால் செத்துப்போவீர்கள்" என்று அச்சுறுத்துவதைவிட, "விட்டால் இத்தனை ஆண்டு எங்களோடு கூடுதலாக இருப்பீர்கள் அப்பா" என்று சொல்வது பயன் தரும் என்று நான் நம்புகிறேன்.

விடுவது எளிதன்று என்பதையும் மறக்க வேண்டாம். நிகோட்டினின் பிடி வலிமையானது. முதல் முயற்சியில் தோற்பவர்கள் பலர். அவர்களை இகழக் கூடாது. மீண்டும் முயலச் சொல்ல வேண்டும். இந்தியாவில் சிகரெட், பீடி உறைகளின் மேலேயே அச்சிடப்படும் 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத தொலைபேசி எண், விட விரும்புவோருக்கு வழிகாட்டுவதற்காகவே ஏற்படுத்தப்பட்டது. அந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.

உங்களுள் எவரேனும் இப்பழக்கத்தைத் தொடங்கலாமா என்று எண்ணிக்கொண்டிருந்தால், கொய்யாக் கணக்கை நினைவில் கொள்ளுங்கள். தாளில் அது சரியாகவே வந்தது. ஃபின்லாந்தில் நோயுற்றவர்களின் எண்ணிக்கை வேறு விடையைச் சொன்னது. கொள்கை எவ்வளவு அழகாக இருந்தாலும், சோதனை வேறு விதமாகச் சொன்னால் சோதனையின் சொல்லையே ஏற்க வேண்டும் என்பது அறிவியலின் விதி. பழத்தை விரும்பி உண்ணுங்கள். அது நல்ல உணவு. உணவாகவே அதை உண்ணுங்கள்.